கல்லூரி நாளில் நேரம் எங்கே போகிறது? வேலூர் வட்டார மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

வேலூர், காட்பாடி கல்லூரிகளுக்குக் குடியாத்தம், அணைக்கட்டு, ஆற்காடு, கண்ணமங்கலம் என்று நாலா பக்கமிருந்தும் தினமும் பஸ் ஏறி வருகிறவர்கள் ஏராளம். இந்தப் பதில்கள் முதலில் அவர்களுக்காக. விடுதியில் இருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். கணக்கெல்லாம் கலை, அறிவியல் கல்லூரியின் செமஸ்டர் முறையை வைத்துப் போட்டது. பொறியியல் மாணவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கல்லூரி திறந்து ஒரு மாதம் ஆகிறது. எல்லாம் கலைந்து கிடக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

டைம்டேபிள் போடுவதிலிருந்து தொடங்காதீர்கள். அது கடைசி வேலை. முதலில் தேதிகள், அடுத்து தாள்கள், அதற்குப் பிறகுதான் மணிக்கணக்கு.

மூன்று பொருள் போதும். ஒன்று, கட்டம் பெரிதாக உள்ள மாத காலண்டர். நகைக்கடையிலோ மளிகைக் கடையிலோ பொங்கலுக்கு முன்பு இலவசமாகக் கொடுத்தது வீட்டில் எங்காவது தொங்கும். இரண்டு, சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு. மூன்று, கிளிப் வைத்த ஃபைல் ஒன்று. மொத்தச் செலவு நூறு ரூபாயைத் தாண்டாது.

காலண்டரில் செமஸ்டரின் கடைசி வேலை நாளை முதலில் குறியுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்: பிராக்டிகல் தேர்வு, மாடல் தேர்வு, இரண்டாவது இன்டர்னல் (செமஸ்டர் நடுவே கல்லூரியே வைக்கும் தேர்வு), முதல் இன்டர்னல், தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி நாள். கல்லூரி கையேட்டில் பெரும்பாலான தேதிகள் இருக்கும். இல்லாதவற்றுக்குத் துறையில் கேட்டு உத்தேசத் தேதி போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வையுங்கள். உத்தேசம் ஒரு வாரம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. தேதியே தெரியாமல் இருப்பதில்தான் ஆபத்து.

அதே காலண்டரில் முகூர்த்த நாட்களும் அச்சடித்திருக்கும். ‘எப்படியும் போயே ஆகவேண்டிய’ கல்யாணங்களை இப்போதே வட்டம் போடுங்கள். ஆவணியிலும் தை மாதத்திலும் உங்கள் வருகைப்பதிவைத் தின்பவை அவைதான்.

டே ஆர்டர் ஒவ்வொரு வாரமும் குழப்புகிறது. எப்படி நினைவில் வைப்பது?

நினைவில் வைக்க வேண்டாம். எழுதி வையுங்கள்.

பள்ளியில் திங்கள்கிழமை என்றால் திங்கள்கிழமை டைம்டேபிள். கல்லூரியில் அப்படியில்லை. முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஆறு நாள் சுற்று ஓடும். அன்றைக்குச் சுற்றில் எத்தனையாவது நாள் என்பதுதான் டே ஆர்டர். புதன்கிழமை விடுமுறை வந்தால் அன்றைக்குரிய மூன்றாம் நாள் வியாழனுக்குத் தள்ளிப்போகும். விடுமுறையால் ஒரே பாடம் திரும்பத் திரும்ப அடிபடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. வாரத்துக்கு ஐந்து நாள் மட்டும் இயங்கும் கல்லூரியில் ஆறு நாள் சுற்று ஓடினால், விடுமுறையே இல்லாத மாதத்தில்கூட ஒவ்வொரு திங்களும் வேறு டே ஆர்டராக வரும். காலையில் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே “மச்சான், இன்னைக்கு இன்னா டே ஆர்டர்?” என்று போன் பறப்பது இதனால்தான்.

செய்ய வேண்டியது இது. மாத காலண்டரின் ஒவ்வொரு வேலை நாளின் மூலையிலும் 1 முதல் 6 வரை எண்ணைப் பென்சிலில் எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். பேனாவில் எழுதினால் நவம்பரில் கஷ்டம். மழைக்காக மாவட்ட ஆட்சியர் காலையில் விடுமுறை அறிவித்தால் அடுத்த எண்கள் எல்லாமே நகரும். அழித்து எழுத வேண்டிவரும். ஈடு செய்யச் சனிக்கிழமை கல்லூரி வைத்தால் அதற்கு எந்த எண் என்பதைத் துறையில் கேட்டு எழுதுங்கள். திடீர் விடுமுறைக்கு எண்ணை நகர்த்தாமல் விட்டுவிடும் கல்லூரிகளும் உண்டு.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 90 வேலை நாள் கொண்ட செமஸ்டரில் மொத்தம் 15 சுற்றுதான். உங்கள் லேப் நான்காம் நாளில் வருகிறது என்றால் செமஸ்டர் முழுக்க அதிகபட்சம் 15 லேப். ஒன்றைத் தவறவிட்டால் என்ன போகிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

ஒவ்வொரு முறையும் டைம்டேபிள் போடுகிறேன். மூன்று நாள்கூட நிற்பதில்லை. ஏன்?

இல்லாத நேரத்துக்குப் போடுவதால். குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு வந்துபோகும் ஒருவரின் நாளைக் கூட்டிப் பாருங்கள். தூக்கம் 7 மணி நேரம். குளியல், சாப்பாடு, தண்ணீர் பிடிப்பது, கடைக்குப் போவது எல்லாம் சேர்ந்து 3. பஸ்ஸுக்கு நிற்பதையும் சேர்த்துப் பயணம் 3. கல்லூரி 6. ஆக 19 போய்விட்டது. மீதி 5. அதிலும் களைப்பு, போன், வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் என்று பாதி கரையும். கையில் நிற்பது இரண்டு அல்லது இரண்டரை மணி நேரம். ‘மாலை 5 முதல் 10 வரை படிப்பு’ என்று சுவரில் ஒட்டினால் அது முதல் நாளே பொய்யாகும்.

அதனால் மணியைப் பிடித்து எழுதாமல் துண்டுகளை எண்ணுங்கள். ஒரு துண்டு என்பது 45 நிமிடம். வேலை நாளில் இரண்டு துண்டு, சனிக்கிழமை ஐந்து, ஞாயிறு நான்கு என்றால் வாரத்துக்கு 19. அதில் 13க்கு மட்டும் வேலை கொடுங்கள். மீதி ஆறையும் காலியாக விடுங்கள். பஸ் வராத நாள், தலைவலி, மின்தடை எல்லாம் அந்த ஆறுக்குள் அடங்கும். எல்லாத் துண்டையும் நிரப்பியவருக்கு ஒரு நாள் சரிந்தாலே மொத்தத் திட்டமும் சரியும். உடனே புதுத் திட்டம் போட உட்காருவார். அதிலும் ஒரு மாலை போகும்.

ஒவ்வொரு துண்டுக்கும் எழுதும் வாக்கியம் முக்கியம். ‘வேதியியல் படிக்க வேண்டும்’ என்று எழுதினால் எங்கே தொடங்குவது என்று தேடுவதிலேயே பத்து நிமிடம் ஓடும். ‘வேதியியல், அலகு 2, ஐந்து மதிப்பெண் கேள்வி இரண்டு, பார்க்காமல் எழுதிப் பார்ப்பது’ என்று எழுதினால் உட்கார்ந்தவுடன் கை நகரும்.

ஞாயிறு மாலை திட்டமிடச் சொல்கிறார்கள். சரியாக என்ன செய்வது?

இருபது நிமிட வேலை. வரிசை இது: பையைத் தலைகீழாகக் கொட்டுங்கள். மடித்த செராக்ஸ், கசங்கிய ரசீது, பாதி எழுதிய தாள் எல்லாம் வெளியே வரும். வேண்டியது ஃபைலுக்கு, வேண்டாதது குப்பைக்கு. பிறகு வகுப்புக் குழுவின் ஒரு வாரத்துச் செய்திகளை மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டி, தேதி உள்ளவற்றை மட்டும் காலண்டருக்கு ஏற்றுங்கள். அடுத்த இரண்டு வாரத்தைப் பார்த்து, வரும் வாரத்துக்கான 13 துண்டுகளைச் சின்ன நோட்டில் எழுதுங்கள். முடிந்தது. நான்கு நிற பேனா, ஸ்டிக்கர் எல்லாம் வைத்து அழகுபடுத்தத் தொடங்கினால் இருபது நிமிடம் இரண்டு மணி நேரமாகும். படிப்பிலிருந்து தப்பிக்க அது ஒரு மரியாதையான வழி, அவ்வளவுதான்.

பஸ்ஸில் படிக்க முடியுமா?

உட்கார இடம் கிடைத்தால் கொஞ்சம். நின்றால் முடியாது. முயற்சி செய்து குற்ற உணர்ச்சி வளர்க்க வேண்டாம்.

பஸ்ஸுக்கு ஏற்றது புதிதாகப் படிப்பதல்ல, ஏற்கெனவே படித்ததை நினைவுபடுத்திப் பார்ப்பது. அட்டை ஒன்றை நான்காக வெட்டி, முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் மூன்று வரிக் குறிப்பு என்று பத்து அட்டை தயாரித்துச் சட்டைப் பையில் வைத்தால், நின்றுகொண்டேகூட ஒரு கையில் புரட்டலாம். இரண்டு மதிப்பெண் வரையறைகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. போனில் படித்தால் குலுக்கலில் கண் வலிக்கும், சிலருக்குக் குமட்டும். சொந்தக் குரலில் குறிப்புகளைப் பதிவு செய்து காதில் கேட்பது அவர்களுக்குத் தோதுப்படும்.

குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தவர்களுக்கு ரயில் இருக்கிறது. காட்பாடியில் இறங்கி டவுன் பஸ் மாற வேண்டும் என்பது சிரமம்தான். ஆனால் ரயிலில் நோட்டை மடியில் விரிக்கலாம். சீசன் டிக்கெட் முடியும் தேதியையும் காலண்டரில் எழுதுங்கள்.

கண்ணமங்கலம், போளூர் மார்க்கத்தில் வருபவர்கள் பௌர்ணமியைக் குறித்துவைப்பது நல்லது. கிரிவலக் கூட்டம் திருவண்ணாமலைப் பஸ்களில் ஏறும் நாளில் வழக்கமான நேரத்துக்கு வீடு சேர முடியாது. அன்றைக்கு வீட்டுத் துண்டு எதுவும் போடாமல், கல்லூரி நூலகத்திலேயே ஒன்றை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ரெக்கார்ட் நோட் மலைபோலச் சேர்ந்துவிடுகிறது. என்ன செய்வது?

அறிவியல் மாணவர்களின் செமஸ்டரைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாக.

லேபில் செய்த ஒரு சோதனையை ரெக்கார்டில் ஏற்றச் சுமார் 45 நிமிடம் ஆகும்: வலப்பக்கம் நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு, இடப்பக்க வெள்ளைத்தாளில் பென்சிலால் படம், அட்டவணை, கணக்கு. லேப் முடிந்த அன்றோ மறுநாளோ எழுதினால் இந்த 45 நிமிடம் போதும். பத்து நாள் கழித்து எழுதினால் அதே வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். லேபில் அப்போதைக்கு அப்போது குறிக்கும் அப்சர்வேஷன் நோட்டில் கிறுக்கிய எண் 3.2 ஆ 8.2 ஆ என்பதே மறந்திருக்கும். நண்பனைத் தேட வேண்டும். அவனும் எழுதியிருக்க மாட்டான். பன்னிரண்டு சோதனையைச் சேர்த்துவைத்தால் கடைசி வாரத்தில் 18 மணி நேரம் போகும். அது மாடல் தேர்வுக்குப் படிக்க வேண்டிய வாரம்.

அடுத்த சிக்கல் கையெழுத்து. ரெக்கார்ட் எழுதி முடித்தாலும் ஆசிரியர் கையெழுத்து இல்லாவிட்டால் அது வெறும் நோட்டு. கடைசி வாரத்தில் ஐம்பது பேர் ஐம்பது நோட்டோடு ஒரே மேசை முன் நிற்பார்கள். ஆசிரியருக்குத் தேர்வுப் பணி இருக்கும். ஒவ்வொரு லேப் நாளிலும் முந்தைய சோதனைக்குக் கையெழுத்து வாங்குவதை வழக்கமாக்குங்கள். முதல் பக்கத்துச் சான்றிதழையும் பொருளடக்கத்தின் தேதி, பக்க எண்ணையும் அன்றன்றே நிரப்புங்கள். பிராக்டிகல் தேர்வு அறை வாசலில் பொருளடக்கம் எழுதிக்கொண்டிருப்பவர் உள்ளே போகும்போது கை நடுங்கும்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டதா? பழசிலிருந்து தொடங்காதீர்கள். இந்த வாரத்துச் சோதனையை முதலில் எழுதுங்கள், அதோடு பழசு ஒன்று. வாரத்துக்கு இரண்டு என்று போனால் ஆறு பாக்கி ஆறு வாரத்தில் தீரும், புதுப் பாக்கியும் சேராது. படங்களை மட்டும் ஒரே மூச்சில் போடுவது வேகமானது. பென்சில், ஸ்கேல், ரப்பர் கையில் இருக்கும்போதே நான்கு படம் முடியும்.

எத்தனை நாள் விடுப்பு எடுக்கலாம்?

பல்கலைக்கழக விதிகள் பொதுவாகக் கேட்பது 75 சதவீத வருகை. 90 நாளுக்கு அது 67.5, அதாவது 68 நாள். 22 நாள் கையில் இருப்பதுபோலத் தெரியும். அதை அப்படியே செலவழிக்கக் கூடாது. காய்ச்சலுக்கு ஐந்து, குடும்ப நிகழ்ச்சிக்கு ஐந்து, பஸ் தாமதத்துக்கு ஐந்து என்று முதலிலேயே ஒதுக்கினால் உண்மையில் விருப்பத்துக்கு எடுக்கக்கூடியது ஏழு.

பஸ் தாமதத்துக்கு ஏன் ஐந்து? முதல் மணி நேரத்தைத் தவறவிட்டால் அரை நாள் விடுப்பாகப் பதியும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. பத்து முறை பதினைந்து நிமிடம் தாமதமானால் ஐந்து நாள் போச்சு. கல்லூரிக்குத் தினமும் வந்தவருக்கும் வருகை குறைவது இப்படித்தான். உங்கள் பஸ் மாதத்தில் நான்கு முறைக்கு மேல் தாமதமானால், அதற்கு முந்தைய பஸ்ஸுக்கு மாறுங்கள். சீக்கிரம் வந்து கிடைக்கும் அரை மணி நேரம், வெயில் ஏறாத வகுப்பறை, யாரும் இல்லாத பெஞ்சு. நாளின் நல்ல துண்டு அதுவாகவே இருக்கலாம்.

75க்குக் கீழே, 65க்கு மேலே இருந்தால் காரணம் காட்டி, சான்று வைத்து, கட்டணம் கட்டித் தேர்வெழுத வழி உண்டு. அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வு கையைவிட்டுப் போகும். சின்ன நோட்டின் கடைசிப் பக்கத்தில் எடுத்த விடுப்பைக் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வாருங்கள். அலுவலகப் பட்டியல் வரும் நாள்வரை காத்திருக்காதீர்கள்.

வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் அறிவிப்புகள் புதைந்துபோகின்றன.

குழுவில் நூறு ‘குட் மார்னிங்’குக்கு நடுவே ஒரு தேர்வுக் கட்டண அறிவிப்பு வரும். பார்த்தவுடன் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து நட்சத்திரமிடுங்கள். இரவில் நட்சத்திரமிட்டவற்றை மட்டும் திறந்து காலண்டருக்கு ஏற்றிவிட்டு நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள். பி.டி.எஃப். ஆக வந்ததை அன்றே இறக்கி, பாடத்தின் பெயரும் அலகு எண்ணும் வைத்துப் பெயர் மாற்றுங்கள். போன் பழுதானால் எல்லாம் போகும். அதனால் கூகுள் டிரைவில் பாடத்துக்கு ஒரு கோப்புறை போதும்.

போனைக் கையிலிருந்து எடுக்க முடியவில்லை.

படிக்கும் 45 நிமிடம் அதை வேறு அறையில் சார்ஜில் போடுங்கள். கவிழ்த்து வைப்பதோ சைலன்ட்டில் போடுவதோ வேலைக்கு ஆகாது. கை தானாகப் போகும். நேரம் பார்க்க இருநூறு ரூபாய்க் கைக்கடிகாரம் போதும். தேர்வு அறையிலும் அதுதான் உதவும்.

படிக்கிறேன், ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது.

எல்லோருக்கும் அப்படித்தான். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, மறதி முதல் சில மணி நேரத்திலேயே செங்குத்தாக இறங்கி, பிறகு மெதுவாகிறது என்று 1885இல் எழுதினார். இதிலிருந்து நமக்கு வேண்டியது ஒன்றுதான்: திரும்பப் பார்ப்பது சீக்கிரம் தொடங்க வேண்டும், பிறகு இடைவெளியை நீட்டலாம். வகுப்பு நடந்த அன்று பத்து நிமிடம், மூன்றாம் நாள் பத்து நிமிடம், பத்தாம் நாள் பத்து நிமிடம், இன்டர்னலுக்கு முன்பு ஒருமுறை.

திரும்பப் பார்ப்பது என்றால் மறுபடி வாசிப்பதல்ல. மஞ்சள் மை பூசிய வரிகளை மூன்றாம் முறை வாசிக்கும்போது தெரிந்ததுபோல இருக்கும். புத்தகத்தை மூடினால் தெரியாது. மூடிவிட்டு வெற்றுத் தாளில் நினைவுக்கு வருவதை எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பில் சேருங்கள். அடுத்த முறை சிவப்பை மட்டும் பார்த்தால் போதும்.

வீட்டில் இடமில்லை. ஏப்ரல், மே வெயிலில் உட்காரவே முடியவில்லை.

வேலூர் வெயிலோடு சண்டை போட முடியாது. 40 டிகிரி தாண்டும் நாட்களில் ஷீட் போட்ட வீட்டில் பகல் 12 முதல் 4 வரை மூளை வேலை செய்யாது. அந்த நேரத்தைக் கைவேலைக்கு ஒதுக்குங்கள்: படம் போடுவது, தாள் அடுக்குவது, அட்டை வெட்டுவது, தூங்குவது. கடினமான பாடம் காலை 4.30 முதல் 6.30க்குள். அதற்கு இரவு 9.30க்குப் படுத்தாக வேண்டும். இரவு ஒரு மணிவரை விழித்து, காலையிலும் எழ நினைத்தால் இரண்டும் போகும்.

இடத்துக்குக் கல்லூரி நூலகம், வேலூர் மாவட்ட மைய நூலகம், ஊரில் கிளை நூலகம் இருந்தால் அது. கோட்டை மைதானத்துக்குக் கூட்டமாகப் புத்தகத்தோடு போகிறவர்கள் உண்டு. அரட்டைக்கு அருமையான இடம்.

பகுதிநேர வேலைக்குப் போகிறேன். இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?

வேலையின் வகையைப் பொறுத்தது. முகூர்த்த நாள் கேட்டரிங் வேலை தேதி தெரிந்து வருவது. அதனால் காலண்டரில் வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் மறுநாளும் பாதி போகும் என்று கணக்கிடுங்கள், இரவு முழுக்கப் பரிமாறிவிட்டு முதல் மணி நேரத்தில் கண் திறக்காது. ஜவுளிக்கடை தீபாவளி வேலை ஒரு மாதம் இழுக்கும்; அது இரண்டாவது இன்டர்னலோடு மோதும். ஒப்புக்கொள்ளும் முன்பு ரெக்கார்ட் பாக்கி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் மாலை நான்கு மணி நேர வேலை என்றால் வார நாளில் துண்டு ஒன்றுதான், அதையும் அதிகாலையில் வையுங்கள்.

வீட்டு வேலையும் வேலைதான். தறி, பீடி, மாடு என்று கைகொடுக்க வேண்டிய வீடுகளில், “அம்மா, இன்டர்னல் முடியிற வரைக்கும் சாயங்காலம் வேணாம், காலையில நான் செய்றேன்” என்று தேதி சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் நடக்கும். ‘எனக்குப் படிக்கணும்’ என்று மட்டும் சொன்னால் நடப்பதில்லை. தேர்வுத் தேதி குறித்த காலண்டரைச் சமையலறைச் சுவரில் மாட்டுங்கள்.

அரியர் இரண்டு இருக்கிறது. இந்த செமஸ்டர் பாடத்தோடு எப்படிச் சேர்ப்பது?

வாரத்தின் 13 துண்டில் மூன்றை அரியருக்கென்றே ஒதுக்குங்கள், முதல் வாரத்திலிருந்தே. தேர்வு நெருங்கும்போது பார்க்கலாம் என்று விட்டால் புதுப் பாடம் அதை எப்போதும் தள்ளிவிடும். ஐந்து அலகில் மூன்றை முழுசாகவும் மற்ற இரண்டில் இரண்டு மதிப்பெண் கேள்விகளை மட்டும் பார்ப்பதும் தேர்ச்சிக்கு நியாயமான திட்டம். அரியருக்கான கட்டணத்தை மறக்காமல் தனியாகக் குறிப்பிட்டுக் கட்டுங்கள்; ரசீதில் அந்தப் பாடத்தின் குறியீடு இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன்பு பாருங்கள். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாட்கள் மிகக் குறைவு. முடிவு வந்த அன்றே தேதி பாருங்கள்.

தேர்வு அறையில் மூன்று மணி நேரம் போதவில்லை.

பரவலாக உள்ள 75 மதிப்பெண் வினாத்தாளை எடுத்துக்கொள்வோம்: பத்து கேள்விக்கு இரண்டிரண்டு, ஐந்து கேள்விக்கு ஐந்தைந்து, மூன்று கேள்விக்குப் பத்துப்பத்து. நேரம் 180 நிமிடம்.

இரண்டு மதிப்பெண் பகுதிக்கு 30 நிமிடம், கேள்விக்கு மூன்று. ஐந்து மதிப்பெண்ணுக்கு 60 நிமிடம், கேள்விக்கு 12. பத்து மதிப்பெண்ணுக்கு 75 நிமிடம், கேள்விக்கு 25. கூட்டினால் 165. மீதி 15 நிமிடம் கேள்வி எண் சரிபார்க்கவும் விட்டதை நிரப்பவும். தவறு எங்கே நடக்கிறது என்றால், நன்றாகத் தெரிந்த முதல் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதுவதில். எட்டுப் பக்கம் எழுதினாலும் அதற்கு ஐந்துக்கு மேல் கிடைக்காது. கடைசிப் பத்து மதிப்பெண் கேள்வி அரைப் பக்கத்தில் நிற்கும்.

இந்த வேகத்தை வீட்டில் ஒருமுறையாவது பழக வேண்டும். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து ஒரு பத்து மதிப்பெண் கேள்வியை 25 நிமிடத்தில் எழுதிப் பாருங்கள். முதல் முறை 40 நிமிடம் ஆகும். கார்த்திகை தீபத்தையொட்டி செமஸ்டர் தேர்வு விழும் ஆண்டுகளில் கூட்டம், மழை இரண்டும் சேரும். தேர்வு நாளுக்கு ஒரு பஸ் முன்னதாகவே கிளம்புங்கள்.

உதவித்தொகைக்கு ஒவ்வொரு ஆண்டும் கடைசி நேரத்தில் ஓடுகிறேன். ஃபைலில் என்னென்ன இருக்க வேண்டும்?

அசல் எதையும் ஃபைலில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவராதீர்கள்; கேட்கும் நாளில் மட்டும். நகல்கள் ஐந்து செட்: ஆதார், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், 10, 12ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ். பாஸ்போர்ட் அளவுப் படம் பத்து. கட்டிய எல்லா ரசீதும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றும்.

இதில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிவருவது வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படிப்படியாக நகர வேண்டும். எந்தப் படியிலும் ஒருவர் விடுப்பில் இருந்தால் அங்கேயே நிற்கும். கல்லூரி அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் ஜூன் மாதமே பதியுங்கள்.

நம் பக்கத்தில் மட்டும் இன்னொரு சிக்கல் உண்டு. 2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆம்பூர் மாணவரின் பழைய சாதிச் சான்றிதழில் வேலூர் மாவட்டம் என்றும், புதிய வருமானச் சான்றிதழில் திருப்பத்தூர் என்றும் இருக்கும். படிவத்தில் இப்போதைய மாவட்டத்தை எழுதுங்கள். சந்தேகம் வந்தால் சொந்த வட்டத்தின் தாலுகா அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும், கல்லூரி இருக்கும் வேலூரில் அல்ல.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் மாதம் 1,000 ரூபாய்க்கான புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் பெயர் இருக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் பாருங்கள். பணம் வராமல் நிற்பதற்கு அடிக்கடி காரணமாவது வங்கிக் கணக்கு ஆதாரோடு இணையாமல் இருப்பது.

ஆப் நல்லதா, நோட்டு நல்லதா?

எதை இரண்டு மாதம் விடாமல் பார்ப்பீர்களோ அது. அலாரத்துக்குப் போன், தேதிக்குச் சுவர், அன்றாட வேலைக்குச் சின்ன நோட்டு என்று பிரித்துவைத்தால் குழப்பம் குறைவு. இரண்டு இடத்தில் ஒரே தேதியை எழுதாதீர்கள். ஒன்றை மாற்றி மற்றதை மறப்பீர்கள்.

ஒரு வாரம் முழுக்கக் கெட்டுப்போனால்?

காய்ச்சல், ஊர்த் திருவிழா, துக்கம், எதுவாகவும் இருக்கலாம். விட்டதையெல்லாம் அடுத்த வாரத்தில் ஏற்றாதீர்கள். 13 துண்டு 26 ஆகாது. சின்ன நோட்டில் விட்டுப்போனவற்றைப் பட்டியலிடுங்கள். அடுத்த பத்து நாளுக்குள் தேதி உள்ளவற்றை மட்டும் வட்டமிடுங்கள்; பெரும்பாலும் இரண்டு மூன்றுதான் தேறும். காலியாக விட்ட ஆறு துண்டில் அவற்றை வையுங்கள். வகுப்பில் நடந்த பாடத்துக்கு நண்பரின் நோட்டைச் செராக்ஸ் எடுங்கள், உட்கார்ந்து நகலெழுத வேண்டாம். மற்றவற்றை அடித்துவிடுங்கள். அதில் எதுவாவது உண்மையிலேயே தேவைப்பட்டால் அடுத்த ஞாயிறு பையைக் கொட்டும்போது தானே வெளியே வரும்.